கட்டவெரலக் காட்டுடா பேராண்டி

காட்டு, காட்டு. வெக்கப்படாத. அந்தக் கைய எதுக்கு முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வச்சுக்கிட்டு நிக்கிற? ஞாயித்துக்கெழம ராத்திரி பௌலிங் போய்ட்டு வந்தவன் திங்கக்கெழம காலையில பசியாற உக்காந்து தே தண்ணி கிளாஸ நாலு வெரலால தூக்குறான்னா, அஞ்சாவது வெரலுக்கு என்னா நடந்துச்சுன்னு தாத்தனுக்குத் தெரியாதா?

அடடா, அருமை. கணுவுக்கு மேல ஒரு காய்ப்பு. அடியில தோல் உரிஞ்சு செவசெவன்னு ஒரு தழும்பு. நுனியில ஒரு கொப்புளம். எல்லாருக்கும் இதுல ஏதாவது ஒண்ணுதான் வாய்க்கும், உனக்கு ஆண்டவன் மூணையும் அள்ளிக் குடுத்திருக்கான். துரோணரு கூட ஏகலைவன்கிட்ட ஒரு தடவதான்டா கேட்டாரு. நீ யாரும் கேக்காமயே வாராவாரம் தவணை முறையில குடுத்துக்கிட்டு இருக்க.

பந்து என்னா பந்துன்னு கேட்டா மூச்சு விடாம சொல்லுவ. உள்ள இருக்கிற கோரு எப்படி, மேல இருக்கிற ரெசினு எப்படி, எண்ணெய் போட்ட லேன்ல எங்க போய் வளையும், எல்லாம் மனப்பாடம். லேன்ல 39 பலகை இருக்கு, ஃபவுல் கோட்டுலேருந்து மொத பின்னுக்கு 60 அடின்னு எனக்கே பாடம் நடத்துற. நடத்து. அந்த லேனுக்குப் பின்னால பின் அடுக்குற மெஷினு பக்கத்துல கெடந்து காது செவிடானவன் நானு, இருந்தாலும் கேட்டுக்கிறேன். ரெண்டு பந்து, சக்கரம் வச்ச பை, மணிக்கட்டுக்கு ஒரு கவசம், மேல பேரு அடிச்ச சட்டை. எல்லாம் சரி. அந்தப் பந்துல உன் உடம்பு தொடுற எடம் எது? மூணு ஓட்ட. அதுல உன்னைய இந்தப் பாடு படுத்துறது ஒரே ஓட்ட. சுமாரா ஒரு இஞ்சு அகலம். அதுக்கு நீ ஒதுக்குன நேரம் எவ்வளவு? கடைக்காரன் அளவெடுக்கும்போது ஒரு கையில போன வச்சுக்கிட்டு, இன்னொரு கைய அவன்கிட்ட குடுத்துட்டு, "சீக்கிரம் பாஸ், பார்க்கிங் ஓடுது"ன்னு சொன்னியாம். அவனே எங்கிட்ட சொல்லிச் சிரிச்சான்.

சரி, கைய நீட்டு. ரேகை பாத்துச் சொல்றேன், காசு வேணாம்.

கணு மேல காய்ப்பு இருக்கா? ஓட்ட பெருசு. உள்ள விட்ட வெரலு நிக்காம வழுக்குது, நீ கணுவ மடக்கி ஓட்டையோட பின் சுவத்துல முட்டுக் குடுத்து நிறுத்துற. நுனியில கொப்புளமா? அதே கூத்தோட மறுபக்கம். பின்னால முட்டுறவன் முன்னால நுனியால சுரண்டிப் பிடிச்சுத்தானே ஆகணும்! ஆனா அடியில, ஆள்காட்டி வெரலுப் பக்கம் தோல் உரிஞ்சிருக்கு பாரு, அது வேற வழக்கு. ஸ்பேன் நீளம். கட்டவெரல் ஓட்டைக்கும் நடுவெரல், மோதிர வெரல் ஓட்டைங்களுக்கும் நடுவுல உள்ள தூரம் உன் கைக்கு ஜாஸ்தி. கை இழுபட்டு நிக்குது, வெரலோட அடி விளிம்புல உரசுது. விளிம்பும் கூராத்தான் இருக்கும்.

ஆக, ஓட்ட பெருசு, தூரம் நீளம், விளிம்பு கூரு. இத்தன கோளாறையும் ஒரே பந்துல கொண்டாந்து சேக்கிறதுக்கும் ஒரு திறமை வேணும்டா.

அப்ப வாடகைப் பந்தே தேவலையான்னு கேக்கிற. தாராளமா எடுத்துக்க. சென்டர்ல ரேக்குல அடுக்கி வச்சிருக்கானே, அந்தப் பந்துங்களுக்கு ஒரு ஞாயம் இருக்கு. எடை ஏற ஏற ஓட்டையும் பெருசாகும். கனத்த பந்தத் தூக்குறவனுக்கு வெரலும் கனமா இருக்கும்னு அவங்க கணக்கு. உன் மாமன் இருக்கானே, தோள்பட்ட வலின்னுட்டு 8 பவுண்டுப் பந்த எடுத்தான். பிள்ளைங்களுக்குன்னு தோண்டுன ஓட்ட. விட்ட வெரல உருவ முடியாம பந்தோடயே கவுண்டர் வரைக்கும் நடந்து போனான், சோப்புத் தண்ணி ஊத்தி எடுத்தாங்க. நீ அதுக்கு நேர் எதிரு. ஒல்லி வெரலு, ஆனா பக்கத்து லேன்ல காலேஜு பொண்ணுங்க. 15 பவுண்டத்தான் தூக்குவேன்னு நின்ன. ரெண்டு வெரலு போற ஓட்டையில ஒத்த வெரலு. பிடிச்ச பிடியில மொழங்கை வரைக்கும் நரம்பு பொடச்சுது. பந்து என்னாச்சு? நேரா லேன் ஓரத்து லோங்காங்ல போய் விழுந்துச்சு. பொண்ணுங்க பாத்தாங்களா? நல்லாவே பாத்தாங்க. 16 பவுண்டுக்கு மேல பந்து செய்யக் கூடாதுன்னு சட்டம் இருக்கிறதால தப்பிச்ச, இல்லாட்டி 20 கேட்டிருப்ப.

இன்னொண்ணையும் கேட்டுக்க. கைக்கு ஒழுங்கா அளவெடுத்துத் தோண்டுன பந்து, வாடகைப் பந்த விட ஒண்ணு ரெண்டு பவுண்டு கூட இருந்தாலும் கையில லேசாத்தான் தெரியும். ஏன்னு யோசிச்சியா? அத நீ பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதில்ல.

இங்கதான் உங்க கூட்டமே தலைகீழா நிக்கிது. கட்டவெரலுக்குப் பிடிக்கிற வேலையே கெடையாதுடா. அது உள்ள போகணும், சும்மா இருக்கணும், நேரம் வந்ததும் மொத ஆளா வெளிய வந்துடணும். அவ்வளவுதான் அதோட உத்தியோகம். கை வீசி வந்து கணுக்காலத் தாண்டுற நேரத்துல கட்டவெரலு முந்திக் கழண்டுக்கும். பந்து ஒரு கண நேரம் மத்த ரெண்டு வெரல் மேல நிக்கும். அந்த ரெண்டும் ஒரு சுண்டு சுண்டி விடும். பந்து சுத்துறது, கடைசியில வளைஞ்சு போய் பின்னுக்குள்ள புகுறது எல்லாம் அந்தச் சுண்டுலதான் இருக்கு. கட்டவெரலு கழலாம தொங்குனா? பந்து மேல எழும்பி, லேன் நடுவுல "தொம்"முனு விழும். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. நீ வெரலப் பாக்குற மாதிரி நடிச்சுக்கிட்டே திரும்பி நடப்ப. அந்த நடிப்பு மட்டும் உனக்கு நல்லா வருது.

ஓட்ட ரொம்ப இறுக்கமா இருந்தாலும் தொங்கும், ரொம்ப லூசா இருந்தாலும் தொங்கும். ரெண்டாவதத்தான் யாரும் நம்ப மாட்டாங்க. லூசா இருந்தா ஈசியா வந்துடுமேன்னு கேப்பாங்க. எப்படி வரும்? விழுந்துடுமோன்னு பயத்துல நீதான் உள்ள மடக்கிப் பிடிச்சிருக்கியே! மடங்குன வெரலு நேரான ஓட்டையிலேர்ந்து எப்படிரா வெளிய வரும்? அதனாலதான் சொல்றேன், வெரல நீட்டி வச்சு, கைய பக்கத்துல தொங்க விட்டு நில்லு. பந்து தானா கையில நிக்கணும். நீ இறுக்கினாத்தான் நிக்குதுன்னா அந்தப் பந்து இன்னும் உன்னோடது இல்ல, கடைக்காரனோடது.

இந்தப் பந்துக்கும் நமக்கும் பழைய பகை ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடுறேன். மொதல்ல இது மரம். லிக்னம் வைட்டேன்னு இரும்புக் கனம் கனக்கிற மரம். அதுல ரெண்டே ஓட்ட, கட்டவெரலுக்கு ஒண்ணு, நடுவெரலுக்கு ஒண்ணு. அப்புறம் கெட்டி ரப்பர் வந்துச்சு. 1914-ல அமெரிக்காவுல பிரன்ஸ்விக் கம்பெனி 'மினரலைட்'னு ரப்பர் பந்த எறக்கி ஊர் ஊரா கொண்டு போச்சு. 1970 வாக்குல பிளாஸ்டிக் பந்து வந்து ஒதுக்குற வரைக்கும் ரப்பர்தான் ராஜா. 80-கள்ல யூரித்தேன், 90-கள்ல ரெசினு எல்லாம் அப்புறம் வந்த கூத்து. அந்தக் காலத்துல மலாயா ரப்பர் அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாப் போனது ஊரறிஞ்ச கதை. எங்கப்பாரு கருக்கல்ல நெத்தியில வெளக்கக் கட்டிக்கிட்டுப் போய் வெட்டுன கித்தாப் பாலுல ஒரு வாளியாவது, டயருக்குப் போனது போக, பந்தாகி ஏதோ ஒரு சீமையில ஏதோ ஒரு தொரையோட கட்டவெரலக் கடிச்சிருக்கும்னு நான் நெனச்சுக்கிறேன். நெனச்சா ஒரு சந்தோசம். அதோட நிறுத்தியிருக்கலாம். வெட்டுனவன் பேரன், கொள்ளுப்பேரன்னு தொடர்ந்து கடிக்குது பாரு, அதுதான் தாங்கல.

தோண்டுற எடத்த நீ நின்னு பாத்ததே இல்லையே. எனக்கு அந்தத் தொழிலு கடை வச்சிருந்த ஒரு சீனத் தவுக்கே சொல்லிக் குடுத்தது. மனுசன் அதிகம் பேச மாட்டாரு. ஆளு உள்ள வந்ததும் கையத்தான் பாப்பாரு, மூஞ்ச அப்புறம். அளவுக் கட்டைன்னு ஒண்ணு, அதுல வரிசையா ஓட்ட. ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் ஒரு இஞ்சில 64-ல ஒரு பங்குதான் வித்தியாசம், அரை மில்லிமீட்டர் கூட வராது. அது கண்ணுக்குத் தெரியாது. வெரலுக்குத் தெரியும். ஒவ்வொண்ணா விட்டுப் பாக்கச் சொல்லுவாரு. பாதி வெரலு போனா ஆச்சான்னு எடுத்தா கை மேல ஒரு தட்டு. அடி வரைக்கும் போகணும். சுத்திலும் தோலு தொடணும், எங்கயும் நெருக்கக் கூடாது, உருவும்போது லேசா ஒரசிக்கிட்டு வரணும். அந்த ஒரசல் வந்ததும் ஆளு மூஞ்சி மாறும். அதுக்கு அப்புறம்தான் பென்சில எடுப்பாரு.

இன்னொரு சங்கதி. மனுசன் கட்டவெரலு வட்டம் கெடையாது. பக்கவாட்டுல அகலம், மேலும் கீழும் சப்பை. டிரில்லுக்கு வட்டந்தான் தெரியும். அதனால தோண்டுன ஓட்டைய, எடத்த ஒரு மயிரிழை நகத்தி மறுபடியும் தோண்டி முட்ட வடிவமாக்கணும். அந்த முட்டையும் உன் வெரலு எந்தச் சாய்வுல உள்ள போகுதோ அந்தச் சாய்வுல இருக்கணும். வட்டமா விட்டுட்டான்னு வையி, பக்கத்துல இறுக்கும், மேலயும் கீழயும் காத்து வாங்கும். இறுக்குதுன்னு நீ பெருசாக்கச் சொல்லுவ, அவனும் பெருசாக்குவான், மேலயும் கீழயும் இன்னும் காத்து வாங்கும். உன் பந்து வளந்த கதை இதுதான்.

பந்து இறுக்கியில மாட்டிக்கிட்டு நிக்கும், சீவல் சுருள் சுருளா கீழ கொட்டும், கருகின பிளாஸ்டிக் வாடை மூக்குல ஏறும். தோண்டுறது நாலு நிமிச வேலை. அதுக்கப்புறம்தான் தொழிலே. விளிம்பச் சீவணும். அந்த வேலைய எங்கிட்ட குடுத்துட்டுத் தவுக்கே கோப்பி குடிக்கப் போவாரு, ஏன்னா நான் பால் மரம் வெட்டுன கையி. பட்டையில உளி வைக்கும்போது ஆழமாப் போனா மரம் புண்ணாயிடும், மேலாப்புல நின்னா பாலு எறங்காது. விளிம்பும் அதே சங்கதிதான். கொறச்சுச் சீவுனா வெரலு அறுபடும், கூடச் சீவுனா பிடிமானமே கெடையாது, ஓட்ட ஆழமும் கொறஞ்சு போயிடும். கொஞ்சம் சீவி, உப்புத்தாளக் குச்சியில சுத்தித் தேச்சு, வெரல விடச் சொல்லி, மறுபடி சீவி, மறுபடி விடச் சொல்லி. வந்த ஆளு நொந்து போயிடுவான். ஆனா அவன்தான் மறு வாரம் சிரிச்ச மூஞ்சியோட கோப்பி வாங்கிக் குடுப்பான். "சீக்கிரம் பாஸ்"னவன் எவனும் எனக்குக் கோப்பி வாங்கிக் குடுத்ததா ஞாபகம் இல்ல.

இப்ப எல்லாம் பந்துலயே நேராத் தோண்டுறது கொறவு. அகலமா ஒரு குழி தோண்டி, ஸ்லக்குன்னு ஒரு பிளாஸ்டிக் கட்டைய உள்ள ஒட்டி, அந்தக் கட்டையிலதான் உன் வெரலுக்கு ஓட்ட போடுறது. சரியில்லன்னா கட்டைய மட்டும் தோண்டி எடுத்துட்டு வேற. அதுக்கும் மேல, திருகிக் கழட்டுற கூடு வந்திருக்கு. எத்தன பந்து வச்சிருந்தாலும் ஒரே கூட்ட மாத்தி மாத்திப் போட்டுக்கலாம், எல்லாப் பந்துலயும் ஒரே ஓட்ட. நீ ரெண்டு பந்துலயும் ரெண்டு விதமான ஓட்ட வச்சுக்கிட்டு, மூணாவது பந்து எப்ப வாங்கலாம்னு பாக்கிற.

ஸ்பேனுக்கு வருவோம். மத்த ரெண்டு வெரல ரெண்டாவது கணு வரைக்கும் விடுறது பழைய பிடி. மொதல் கணு வரைக்கும் மட்டும் விடுறது ஃபிங்கர்டிப்பு, நீ போடுறது. பழைய பிடியில உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவுல ஒரு பென்சில் நுழையிற அளவு எடம் இருக்கணும்னு சொல்லுவாங்க. ஃபிங்கர்டிப்புல கை பந்து மேல படுத்த மாதிரி கெடக்கணும், விறைச்சு நிக்கக் கூடாது. நீ என்னா செஞ்சிருப்ப? அளவெடுக்கும்போது கைய நல்லா விரிச்சு விறைப்பாக் காட்டியிருப்ப, பெரிய கைன்னு கடைக்காரன் மெச்சணும்னு. அவன் மெச்சல. அளவக் குறிச்சுக்கிட்டான்.

பிட்சுன்னு ஒண்ணு இருக்கு. அத உனக்கு விளக்குனா நாளைக்கே நீ நாலு பேருக்கு விளக்கக் கெளம்பிடுவ, அதனால சுருக்கமாச் சொல்றேன். ஓட்ட நேரா பந்தோட நடுவப் பாத்து எறங்கணும்னு இல்ல. உள்ளங்கைப் பக்கமாச் சாச்சுத் தோண்டுனா பந்து கையில நிக்கும். ரொம்பச் சாச்சா விடவே விடாது. வெளிப்பக்கமாச் சாச்சா சீக்கிரம் கழலும். ரொம்பப் போனா பின்னால வீசும்போதே கழலப் பாக்கும், நீ பயந்து மறுபடியும் இறுக்குவ. இடம் வலமாவும் சாய்க்கலாம். ஒரு இஞ்சில எட்டுல ஒரு பங்கு மாத்துனாலே வேற பந்து மாதிரி இருக்கும். இது கடைக்காரன் வேலை. நீ சொல்ல வேண்டியது எங்க வலிக்குதுங்கிறது மட்டும்தான். "எனக்கு எட்டுல மூணு ரிவர்ஸ் போடுங்க பாஸ்"னு யூடியூப் பாத்துட்டுப் போய்ச் சொன்னியே, அவன் போட்டுக் குடுத்தானா இல்லையா? போட்டுக் குடுப்பான். காசு உன்னுது, வெரலும் உன்னுது.

இதெல்லாம் ஒழுங்கா அமைஞ்சாலும் வெரலு ஒரு நெலையில நிக்காது. இது நம்ம ஊரு. வெளிய வெயிலு, இல்லாட்டி மழ. உள்ள போனா ஏர்கோன் போட்டு ஐஸ்பெட்டியா வச்சிருப்பான். போனதும் வெரலு சுருங்கும். ரெண்டு கேம் போட்டதும் ரத்தம் ஓடி வீங்கும். முந்தின நாளு கருவாட்டுக் கொழம்ப ஒரு பிடி பிடிச்சிருந்தா அதுக்குத் தனியா ஒரு வீக்கம். அதனால ஓட்டைய எப்பவும் வெரலு பெருத்திருக்கிற நேரத்துக்குத் தோண்டணும். சுருங்குற நேரத்துக்கு டேப்பு இருக்கு. உள்ள ஒட்டி ஓட்டையச் சின்னதாக்கலாம். வீங்குனா ஒண்ணொண்ணா உரிச்சுக்கலாம். சின்னதாத் தோண்டிட்டா எதடா உரிப்ப, தோலையா?

டேப்பு ஒட்டுறதுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. சொரசொரப்பா இருக்கிற டேப்பு வெரலோட சதைப் பக்கம், பிடிமானத்துக்கு. வழவழன்னு இருக்கிற டேப்பு நகத்துப் பக்கம், வழுக்கி வர்றதுக்கு. மாத்தி ஒட்டிக்கிட்டு சத்தியம் பண்றவனும் இருக்கான். அவனுக்கு நல்லா வருதுன்னா விட்டுடு. ஆனா விளிம்புச் சீவல் முடிஞ்சு கொஞ்சம் கீழ எறக்கித்தான் ஒட்டணும். நீ விளிம்பு வரைக்கும் இழுத்து, வெளிய ஒரு வாலு வேற விட்டு ஒட்டியிருந்த. அது வெரலோடயே வெளிய வந்து சட்டையில ஒட்டிக்கிச்சு, ராத்திரி வீடு வரைக்கும் கூட வந்துச்சு. 2003-ல உலகப் போட்டி இங்க கோலாலம்பூர்ல நடந்தப்ப போய் உக்காந்து பாத்தேன். பெரிய பெரிய ஆட்டக்காரங்க, ஒரு கேமுக்குள்ளயே எத்தன தடவ டேப்ப உரிக்கிறாங்க, ஒட்டுறாங்க! உரிக்கிறதுக்குன்னே சின்னச் சாமணம் வச்சிருக்காங்க. அதுல ஒருத்தர் கூட வெரல வாயில வச்சு ஊதுனத நான் பாக்கல.

பவுடர்? ஐயோ, அந்தக் கதைய ஊரே சொல்லுது. பிள்ளைக்குப் போடுற பவுடர அரை டப்பா கொட்டிக்கிட்டு உன் கூட்டாளி கைய பின்னால வீசுனான். பந்து பின்னாலயே போயிடுச்சு. நல்ல வேளை, நாற்காலியில இருந்தது நாசி லெமாக் பொட்டலம் மட்டும்தான். வீங்குன வெரலுக்குப் பவுடரு வேணாம்டா, ஜில்லுனு ஒரு 100 பிளஸ் டின்னு வாங்கி கொஞ்ச நேரம் வெரலுல வச்சுக்க. வீக்கம் வத்தும். குடிக்கவும் செய்யலாம்.

ஆமா, நீ அடுத்து என்னா சொல்லப் போறன்னு தெரியும். பெல்மொன்டே. ஆஸ்திரேலியாவுல ஆரஞ்சுங்கிற ஊர்க்காரன், ஜேசன் பெல்மொன்டே, கட்டவெரலே இல்லாம ரெண்டு கையால போட்டு 15 பெரிய பட்டம் வாங்கிட்டான், அப்புறம் எதுக்கு எனக்கு இந்த ஓட்டன்னு கேப்ப. நல்ல கேள்வி. அவன் அப்பன் ஆத்தாளே பௌலிங் சென்டர் வச்சிருந்தவங்க. நடக்கப் பழகுற வயசுல, ஒரு கையால தூக்க முடியாம ரெண்டு கையால உருட்டுனவன், அப்படியே வளந்துட்டான். நீ நாலு மாசமா இடுப்பப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கிற. சரி, ஆசைப்பட்டா மாறிக்க, யாரு தடுத்தா? ஆனா ஓட்ட இருக்கிற பந்த வச்சுக்கிட்டு வெரல விடாம போடலாம்னு பாக்காத. 2020 ஆகஸ்டுலேர்ந்து அமெரிக்கச் சங்கத்துச் சட்டம் மாறிடுச்சு. பந்துல இருக்கிற ஓட்ட அத்தனையும் ஒவ்வொரு தடவையும் பிடிக்கப் பயன்படணும், சும்மா ஒரு ஓட்ட இருக்கக் கூடாது. கட்டவெரல விடலேன்னா அந்த ஓட்டைய அடைச்சுட்டுத்தான் போடணும். உனக்கு ஓட்ட அடைக்கிற செலவும் சேரும்.

லேனுக்குப் பின்னால உக்காந்திருக்கிற அந்த நாலு பேரு பேச்சையும் கேக்கிற போலிருக்கு. ஒருத்தன் இறுக்கமாப் பிடிங்கிறான், ஒருத்தன் லூசாப் பிடிங்கிறான், ஒருத்தன் மணிக்கட்ட ஒடைங்கிறான். நாலாவது ஆளு நல்லவன், அவன் கடன்தான் கேக்கிறான். நாலு பேருக்கும் மொழங்கையில பட்டை, மொழங்கால்ல பட்டை. அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா மொதல்ல அவங்க வெரலத்தானே காப்பாத்தியிருப்பாங்க?

சிரிச்சது போதும், இத மட்டும் சிரிக்காம கேளு. உரிஞ்சிருக்கிற அந்த உள்பக்கம் மரமரன்னு இருக்கா? ஊசி குத்துற மாதிரி, மின்சாரம் ஓடுற மாதிரி இருக்கா? கட்டவெரலோட அந்தப் பக்கத்துல ஒரு நரம்பு ஓடுது. ஓட்ட விளிம்பு அதையே திரும்பத் திரும்ப அழுத்துனா நரம்பச் சுத்தித் தடிச்சுப் போயிடும். டாக்டருங்க அதுக்கு 'பௌலர்ஸ் தம்'னே பேரு வச்சிருக்காங்க, அவ்வளவு பேரு போய் நின்னிருக்காங்க. ஆட்டத்த நிறுத்தி, ஓட்டையப் பெருசாக்கி, விளிம்பையும் சாய்வையும் மாத்துனா பெரும்பாலும் அடங்கும். முத்த விட்டா கத்திக்குப் போக வேண்டி வரலாம். மரமரப்பு இருந்தா மொதல்ல டாக்டர், அப்புறம் டிரில்லு. இல்லையா? உண்மையச் சொல்லு. இல்லன்னா சரி.

அப்ப செய்ய வேண்டியது இதுதான். இந்த வாரம் எங்கயும் போகாத. புண்ணு ஆறட்டும், காய்ப்பு கொஞ்சம் எறங்கட்டும். புண்ணால வீங்கிக் கெடக்கிற வெரல அளவெடுத்தா அந்தப் புண் வீக்கத்துக்குத்தான் ஓட்ட கெடைக்கும். கை சும்மா இருக்க மாட்டேங்குதுன்னா கூட்டாளிங்களுக்கு ஸ்கோரு பாரு. ஆறுனதும் ஒரு நாளு சாயங்காலம், கூட்டம் இல்லாத நேரமாப் போ. வாடகைப் பந்துல ரெண்டு கேம் போட்டு வெரலச் சூடாக்கிக்க, அப்புறம் கடைக்குள்ள நுழை. போன என்கிட்ட குடுத்துட்டுப் போ. கைய விரிச்சுக் காட்டாத, தொங்க விடு. பழைய தழும்பக் காட்டு, எந்தத் தழும்பு எந்த ஆட்டத்துல வந்துச்சுன்னு சொல்லு. "எப்படி இருக்கு?"ன்னு அவன் கேட்டதும் வாய்க்கு வந்த பழக்கத்துல "ஓக்கே பாஸ்"னு சொல்லிடாத. உறுத்துனா உறுத்துதுன்னு சொல்லு, பத்து தடவை சொல்லு, அவன் மூஞ்சி கோணுனாலும் சொல்லு. வரும்போது அவனுக்கு ஒரு கோப்பி வாங்கிக் குடு.

அப்புறம் அந்தச் செவப்புப் பந்து, ஓட்ட பெருசு, ஸ்பேனு நீளம்னு சொன்னேனே, அத அடைச்சு மறுபடித் தோண்ட செலவு பண்ணாத. வீண் செலவு. என்கிட்ட குடுத்துடு. நேத்து நீ தூங்கும்போது வெரல விட்டுப் பாத்தேன், எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு. விளிம்ப மட்டும் நான் சீவிக்கிறேன். உன் பாட்டி கேட்டா மட்டும், நீயாத்தான் குடுத்தன்னு சொல்லு.